யூடியூப் பின்னூட்டங்களைக் கொண்டு இளைஞர்களின் மனநிலையை ஆராய முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கிறீர்கள். அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு வேலைக்காகக் காத்திருக்கும் இளைஞர்களின் மனநிலையை, பயிற்சி வகுப்பு நடத்தும் யூடியூப் சேனல்களின் கீழே அவர்கள் இடும் பின்னூட்டங்களைக் கொண்டு ஆராய விரும்புகிறீர்கள்; சில லட்சம் பின்னூட்டங்களைத் திரட்டியும் விட்டீர்கள். உங்கள் நெறியாளர், "இது தரவே அல்ல, ஒரு நிறுவனம் தன் வியாபாரத்துக்காகச் சேர்த்து வைத்தது" என்கிறார். உடன் படிக்கும் நண்பரோ, "கேள்வித்தாள் கொடுத்தால் மக்கள் நமக்குப் பிடித்ததைச் சொல்வார்கள், இணையத்தில் பதிந்த தடம் பொய் சொல்லாது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தபோது, உங்களை உறுத்துவது வேறொன்று என்று எனக்குத் தோன்றியது. கையில் இருப்பது பின்னூட்டம், எழுத விரும்புவது மனநிலை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எந்த வழியாகப் போவது, அந்த வழி வாய்மொழித் தேர்வில் தாங்குமா என்பதுதான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன். ஆய்வு முறையியல் கற்பித்தும், களப்பணி செய்தும், கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தகைய டிஜிட்டல் தடங்களோடு வேலை செய்தும் வந்த பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். படங்களையும் காணொளிகளையும் கணினி வழியே பகுப்பாய்வதில் எனக்கு நேரடிப் பயிற்சி இல்லையாதலால், எழுத்து, எண்ணிக்கை, பதிவேடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மனிதர் விட்டுச்சென்ற தடத்தை வைத்து அவர்களைப் படிப்பது கணினியோடு பிறந்த பழக்கம் அன்று. உங்கள் தலைப்பே வேலையின்மை என்பதால் அந்தத் துறையின் பழைய ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியென்தால் என்னும் சிற்றூரில், ஊரே நம்பியிருந்த துணி ஆலை 1930-ஐ ஒட்டி மூடப்பட்டது. மரீ யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோரைக் கொண்ட குழு 1931-32 குளிர்காலத்தில் அங்கே ஆய்வு செய்தது. அவர்கள் பார்த்தவற்றுள் தொழிலாளர் நூலகத்தின் பதிவேடும் ஒன்று. 1929-க்கும் 1931-க்கும் இடையில் இரவல் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் இரவல் கட்டணத்தை நீக்கியிருந்தார்கள்; வேலை இல்லாததால் படிக்க நாள் முழுதும் நேரமும் இருந்தது. பதிவேட்டை மட்டும் பார்த்த ஒருவர் இதற்கு நான்கு விளக்கம் சொல்லலாம், நான்கும் பொருத்தமாகவே இருக்கும். குழுவினர் வீடு வீடாகச் சென்றார்கள். ஒரு நாளை எப்படிக் கழித்தார்கள் என்று மணிவாரியாக எழுதி வாங்கினார்கள். தெருவில் நடப்போரின் வேகத்தை மறைவாகக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் நின்று நின்று நடந்தார்கள். வீட்டு வேலை காத்திருந்ததால் பெண்கள் விரைந்தார்கள். வேலை போனபின் கையில் சேர்ந்த அந்த நேரம் ஓய்வாக அமையவில்லை, உருவம் இழந்து கரைந்து போயிற்று என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது இவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான். நூலகப் பதிவேடு அந்த முடிவுக்கு நல்ல சான்றாயிற்று. பதிவேடு தனியாக அதைச் சொல்லியிருக்காது.

அந்தப் பதிவேட்டை நூலகர் எழுதி வைத்தது ஆய்வாளருக்காக அன்று, புத்தகம் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. ஆகவே வேறொருவர் வேறொரு தேவைக்குச் சேர்த்தது என்பதனாலேயே ஒன்று தரவாகாது என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் கோயில் கணக்கு, காவல் நிலையப் பதிவு, நிலப் பட்டா எதுவுமே நமக்கு உதவாது. ஆயினும் உங்கள் நெறியாளரின் கவலையில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. ஒரு கேள்வித்தாளை நாமே தயாரிக்கும்போது, எதை அளக்கிறோம் என்பதை முன்பே தீர்மானிக்கிறோம். தடத்தில் அந்தத் தீர்மானத்தை வேறொருவர் எடுத்துவிட்டார். எழுதியவர், அதைப் பதிந்த தளம், அதைத் திரட்டிய நாம் என்று மூன்று தரப்பின் கையும் ஒரே வரியில் கலந்து கிடக்கின்றன. எது யாருடைய கை என்று பிரித்தறிவதே இந்தத் துறையில் பொருள்கொள்ளுதல் என்பது.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சொல்லும் ஒரு நிகழ்வு உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் பேஜர்களுக்கு, அதாவது குறுஞ்செய்தி பெறும் சிறு கையடக்கக் கருவிகளுக்கு, அனுப்பப்பட்ட செய்திகளின் பெருந்தொகுப்பு ஒன்று 2009-இல் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வழியாக வெளியானது. ஏறத்தாழ 85,000 பேஜர்களுக்குச் சென்ற அந்தச் செய்திகளில் துயரச் சொற்கள், அச்சச் சொற்கள், கோபச் சொற்கள் நேரம் செல்லச் செல்ல எப்படி மாறின என்று எண்ணி, ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று உளவியலாளர்கள் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாள் முழுதும் கோபம் ஏறிக்கொண்டே போனது என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. படிப்பவருக்கு உடனே நம்பத் தோன்றும் முடிவு அது. அத்தகைய நாளில் கோபம் ஏறுவதுதானே இயல்பு? அடுத்த ஆண்டு சிந்தியா பியூரி என்னும் உளவியலாளர் அதே செய்திகளைத் திறந்து படித்தார். கோபம் என்று எண்ணப்பட்டவற்றுள் கணிசமான பகுதி ஒரே ஒரு பேஜருக்கு ஓர் இயந்திரம் தானாக அனுப்பியது: இன்ன இடத்தில் உள்ள இன்ன கணினியை மறுபடி இயக்கவும், நிலைமை 'கிரிட்டிகல்' என்பது அதன் வாசகம். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்கடியான என்ற பொருளும் உண்டு, குறைகூறுகிற என்ற பொருளும் உண்டு. சொல் எண்ணும் மென்பொருளின் பட்டியலில் அது கோபத்தின் கீழ் இருந்தது. அந்தத் தானியங்கிச் செய்திகளை நீக்கியவுடன் ஏறிக்கொண்டே போன கோடும் மறைந்துவிட்டது. ஆய்வாளர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். எண்ணுவதற்கு முன் செய்திகளைப் போதுமான அளவு கண்ணால் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பின்னூட்டங்களுக்கு இது மிக நெருக்கமான எச்சரிக்கை. இதே வகைச் சேனல்களின் பின்னூட்டங்களை நானும் ஒரு மாணவியும் ஒரு கோடை விடுமுறையில் அச்செடுத்து, பென்சிலால் குறித்துக்கொண்டே படித்திருக்கிறோம். காலை வகுப்பின் கீழே வரிசையாக "உள்ளேன் ஐயா", "குட் மார்னிங் சார்" என்று இருக்கும். அது வருகைப் பதிவு. வகுப்பு முடிந்தவுடன் "நன்றி ஐயா", கைகூப்பிய படத்தோடு. அது எழுந்து நின்று வணக்கம் சொல்வதைப் போன்ற மரியாதை. மகிழ்ச்சி அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உணர்வறியும் மென்பொருள் இவை எல்லாவற்றையும் நேர்மறை என்று குறித்துவிடும், உங்கள் இளைஞர்கள் அனைவரும் மகிழ்ச்சியாக இருப்பதாக வரைபடம் காட்டும். இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. குரூப் 4 தேர்வு முடிந்த மாலையில் விடைக்குறிப்புக் காணொளியின் கீழே "163, எம்பிசி, பெண், தமிழ் வழி, வாய்ப்பு இருக்கா சார்?" என்ற வடிவில் நூற்றுக்கணக்கான வரிகள் வரும். சரியான விடைகளின் எண்ணிக்கை, இடஒதுக்கீட்டுப் பிரிவு, பெண்களுக்கான ஒதுக்கீடு, தமிழ்வழிக் கல்விக்கான முன்னுரிமை, கடைசியில் ஒரு கேள்வி. அந்த வரியில் உணர்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. மென்பொருள் அதை நடுநிலை என்று ஒதுக்கிவிடும். ஓர் ஆண்டின், சிலருக்கு மூன்று நான்கு ஆண்டுகளின், காத்திருப்பு முழுவதும் அந்த ஐந்து துண்டுகளில் அடங்கியிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு உங்கள் திரட்டில் இதைவிட விலைமதிப்புள்ள பகுதி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதில் ஒரு வாழ்க்கைக் கணக்கு இருக்கிறது: தன்னைத் தான் எந்தெந்தப் பெட்டிகளில் போட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் ஓர் இளைஞர் என்பது.

ஒரு தடத்தின் பொருள் அந்தத் தடம் பதியும் வழக்கத்துக்குள் இருக்கிறது. இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. திருமண வீட்டின் மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். பெயர், ஊர், தொகை என்று அத்தனை ஒழுங்கான தரவு வேறெங்கும் கிடைக்காது. வெளியூர் ஆய்வாளர் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றி, அதிகம் எழுதியவர் அதிக நெருக்கமானவர் என்றோ அதிக வசதியானவர் என்றோ முடிவு கட்டலாம். அந்தத் தொகை, எழுதியவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்கள் முன்பு செய்ததன் திருப்பல் என்பதும், நெருங்கிய தாய்மாமன் நோட்டில் எழுதாமல் சீராகக் கொண்டுவந்திருப்பார் என்பதும் நோட்டில் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் குறி இடுவது எங்கள் வீட்டில் "பார்த்துவிட்டேன்" என்பதற்கு. என் மகன் தலைமுறையில் சிலர் அதைப் பேச்சை முடித்துக்கொள்ளும் குறியாகக் கொள்கிறார்கள். குறி ஒன்றுதான், செயல் வேறு.

தமிழ்ப் பின்னூட்டங்களில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாக இருக்கும். ஒரே சொல்லை ஆறு விதமாக எழுதுவார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்தில் உணர்வைக் கண்டறிவதற்காக 2020-இல் வெளியிடப்பட்ட, பலரும் பயன்படுத்தும் ஒரு தரவுத் தொகுப்பில் ஏறத்தாழ 15,700 யூடியூப் பின்னூட்டங்கள் இருக்கின்றன. அதைத் திரைப்பட முன்னோட்டங்களின் கீழிருந்து எடுத்தார்கள். நல்ல உழைப்பில் உருவான தொகுப்புதான். ஆனால் ரசிகர் கொண்டாட்டத்தில் பயின்ற ஒரு கருவி, தேர்வு அறிவிக்கைக்காகக் காத்திருப்பவரின் சோர்வை அடையாளம் காணும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. கருவியைப் பயன்படுத்துவதாக இருந்தால், உங்கள் பின்னூட்டங்களிலேயே சில நூறை இருவர் தனித்தனியாகப் படித்துக் குறித்து, அந்தக் குறிப்போடு கருவியின் முடிவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதித்து, அந்த எண்ணை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்தது, யார் பேசுகிறார்கள் என்பது. 2009 செப்டம்பரில் நடந்த ஜெர்மனி நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டி, சுமார் ஒரு லட்சம் ட்வீட்டுகளில் கட்சிகளின் பெயர் எத்தனை முறை வந்தது என்று எண்ணிய ஓர் ஆய்வு, அந்த விகிதம் வாக்கு விகிதத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போவதாக 2010-இல் அறிவித்தது. ஆன்ட்ரியாஸ் யுங்ஹெர் என்பவரும் அவருடைய இரு சகாக்களும் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். முதல் ஆய்வு அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த கட்சிகளை மட்டுமே எண்ணியிருந்தது. இணைய உரிமைகளை முன்வைத்த பைரேட் கட்சியையும் சேர்த்தால், ட்விட்டர் கணக்கின்படி தேர்தலில் முதலிடம் அதற்கே கிடைத்திருக்கும். வாக்குப்பெட்டியில் அது பெற்றதோ 2 விழுக்காடு. எண்ணத் தொடங்கும் நாளையும் முடிக்கும் நாளையும் மாற்றினாலும் விடை மாறியது. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் ஆய்வின் தோல்வி அன்று. அந்த ஆய்வு வென்றதுபோலத் தெரிந்தபோதே அதற்குள் ஆய்வாளரின் தேர்வுகள் ஒளிந்திருந்தன என்பதும், முடிவு சரியாக இருந்ததால் அவற்றை யாரும் கேட்கவில்லை என்பதும்தான்.

இப்படி ஒரு சாரார் மட்டும் அதிகமாகப் பேசுவதால் வரும் சாய்வு, எண்ணிக்கை பெரிதாக இருந்தால் தானே சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நீங்களும் "சில லட்சம்" என்பதைச் சற்று அழுத்திச் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியாகாது என்பதை உறுதியாகச் சொல்லலாம். அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசிக் காலத்தில் ஃபேஸ்புக் வழியே வாரந்தோறும் ஏறத்தாழ 2,50,000 பேரிடம் விடை பெற்ற ஒரு கணக்கெடுப்பு, 2021 மே மாதத்தில் முதல் தவணை போட்டுக்கொண்டவர்களின் விகிதத்தை 17 விழுக்காட்டுப் புள்ளி மிகையாகக் காட்டியது. கவனமாகத் தேர்ந்த ஆயிரம் பேர் மட்டுமே கொண்ட மற்றொரு கணக்கெடுப்பு உண்மைக்கு மிக அருகில் இருந்தது. எண்ணிக்கை கூடும்போது தற்செயல் பிழைதான் குறைகிறது. சாய்வு அப்படியே இருக்கிறது, அதன் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கை மட்டும் ஏறிவிடுகிறது. 2022-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் யூடியூபில் படிப்பவர் ஒரு பகுதி. படிப்பவர்களில் பின்னூட்டம் இடுபவர் அதனினும் சிறு பகுதி. அவர்களிலும் திரும்பத் திரும்ப எழுதுபவர் சிலர். பின்னூட்டங்களை எண்ணும்போது மனிதர்களை எண்ணுவதாக நினைத்துவிடக் கூடாது. எத்தனை தனிக் கணக்குகள், ஒவ்வொன்றும் எத்தனை முறை என்ற அட்டவணையை முதல் வேலையாகப் போடுங்கள்.

கணக்கு என்பதும் ஆள் அன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தவர்கள் 54 விழுக்காட்டினர். எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காட்டினர், ஆண்கள் 57 விழுக்காட்டினர். திண்டுக்கல் பக்கம் களப்பணிக்குப் போன ஒரு வீட்டில் ஒரே கைபேசி இருந்தது. காலையில் பாட்டி அதில் சுப்ரபாதம் கேட்டார். பகலில் பேரன் பொம்மைப் படம் பார்த்தான். மருமகள் இரவு பாத்திரம் கழுவி முடித்தபின் அதே கைபேசியில், அதே கணக்கில், பொதுத்தமிழ் வகுப்பு கேட்டுப் படித்தார். கணக்கு அவருடைய கணவர் பெயரில். அந்த மருமகள் என்றாவது பின்னூட்டம் இட்டிருந்தால் உங்கள் தரவில் ஓர் ஆணாக வந்திருப்பார். இடுவீர்களா என்று கேட்டதற்கு, "இவர் பேரு வருமே, எதுக்கு" என்றார். பெயரை வைத்துப் பாலினம் கணிக்கும் முறையை நீங்கள் பயன்படுத்தப்போவதாகச் சொல்லியிருப்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்; அதை விட்டுவிடுவது நல்லது.

தளத்தின் கை எப்படிப் படிகிறது என்பதற்கும் நன்கறிந்த சான்றுகள் உள்ளன. ஃபேஸ்புக்கின் 72 கோடிப் பயனரின் நட்பு வலையை ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், யாருக்கு எத்தனை நண்பர்கள் என்ற கோட்டில் 20 என்ற இடத்தில் ஒரு புடைப்பு இருந்தது. மனிதர்களுக்கு இருபது நண்பர்கள் தேவை என்பதற்கு அது சான்றன்று. புதிதாகச் சேர்ந்தவர்களை இருபது நண்பர்கள் சேரும்வரை தளம் தூண்டிக்கொண்டே இருந்தது. கூகுள் நிறுவனம் 2008-இல் தொடங்கிய காய்ச்சல் கணிப்பு, தேடல் சொற்களை வைத்து அமெரிக்காவில் ஃப்ளூ காய்ச்சலின் பரவலைச் சொன்னது. 2011 ஆகஸ்ட் முதல் 108 வாரங்களில் 100 வாரங்கள் அது மிகையாகவே கணித்தது என்று டேவிட் லேசரும் சகாக்களும் 2014-இல் காட்டினார்கள். மிகைக் கணிப்பு நடந்தது உறுதி. தேடல் பெட்டி தானே நோய் தொடர்பான சொற்களைப் பரிந்துரைக்கத் தொடங்கியதுதான் காரணம் என்பது வலுவான ஊகம். பயன்படுத்திய சொற்பட்டியலை நிறுவனம் முழுமையாக வெளியிடாததால் அதை வெளியிலிருந்து முற்றாக நிறுவ முடியவில்லை. உங்கள் தளத்திலும் இதுபோன்ற மாற்றங்கள் உண்டு. 2021 நவம்பரிலிருந்து பிடிக்கவில்லை என்ற குறியின் எண்ணிக்கையை யூடியூப் பொதுவில் காட்டுவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பின்னூட்டங்களை ஒப்பிடும்போது, சொல்லாமல் அதிருப்தியைக் காட்டிய ஒரு வழி பார்வையிலிருந்து மறைந்ததை நினைவில் கொள்ளுங்கள். சேனல் நடத்துபவர் பின்னூட்டத்தை நீக்கலாம், ஒருவரை முழுதாக மறைத்தும் வைக்கலாம். கட்டணம் பற்றிய புகார்கள் உங்கள் திரட்டில் குறைவாக இருந்தால், புகார் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சிறிய ஆனால் பலரைக் கவிழ்த்த விஷயம் ஒன்று: ஏபிஐ, அதாவது தளத்திலிருந்து தரவை நிரல் வழியே எடுக்க உதவும் இடைமுகம், தரும் நேரம் இந்திய நேரமன்று, ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டும். மாலை ஆறு மணி என்று கோப்பில் இருப்பது இங்கே இரவு பதினொன்றரை. இரவுத் தூக்கமின்மை பற்றி ஓர் அத்தியாயமே இதனால் தலைகீழாகலாம்.

இவ்வளவும் சொன்னபின், உங்கள் நண்பரின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். கைபேசியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் சொல்லும் விடை, கருவியில் பதிந்த நேரத்தோடு ஓரளவே ஒத்துப்போகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2021-இல் நிறுவிய முடிவு இது. நேரம், வரிசை, அடுக்கிப் பார்த்தால் தெரியும் மாற்றம் ஆகியவற்றில் தடத்துக்கு நிகர் நினைவு இல்லை. அறிவிக்கை தள்ளிப்போனதாகச் செய்தி வந்த வாரத்தில் ஒருவர் என்ன எழுதினார் என்பதை மூன்று ஆண்டு கழித்து நேர்காணலில் கேட்டால், நடந்து முடிந்ததை வைத்து நினைவைத் திருத்தியே சொல்வார். பின்னூட்டம் அந்த வாரத்திலேயே உறைந்து நிற்கிறது. இரண்டையும் இணைத்தவர்களே இதுவரை உருப்படியாகச் செய்திருக்கிறார்கள். ருவாண்டாவில் ஜோஷுவா புளூமென்ஸ்டாக்கும் சகாக்களும் 15 லட்சம் கைபேசி வாடிக்கையாளரின் அழைப்புப் பதிவுகளை வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து வசதியை நேரடியாக ஊகிக்கவில்லை. 856 பேரைத் தொலைபேசியில் அழைத்து வீடு, பொருள், உடைமை பற்றிக் கேட்டு, அந்த விடைகளுக்கும் அழைப்புப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, அதன்பின்னரே மற்றவர்களுக்கு விரித்தார்கள். கிடைத்த வரைபடத்தை நாடு தழுவிய வீட்டுக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். அந்த 856 உரையாடல்கள் இல்லாமல் அந்த 15 லட்சம் பதிவுகளுக்கு வாய் இல்லை.

ஆகவே உங்கள் திரட்டிலிருந்து எதை எவ்வளவு உறுதியாக எழுதலாம் என்பதைத் தெளிவாகச் சொல்கிறேன். இன்னின்ன சேனல்களில், இன்ன காலத்தில், பொதுவெளியில், காத்திருப்பைப் பற்றி எவ்வகையில் பேசப்பட்டது, எந்த அறிவிப்பை ஒட்டி எந்தப் பேச்சு பெருகியது என்பவற்றை, நீக்கப்பட்டவை போக, துணிந்து எழுதலாம். எழுதியவர்கள் அந்தப் பேச்சால் என்ன செய்தார்கள், வருகை பதிந்தார்களா, ஆறுதல் தேடினார்களா, வாய்ப்பைக் கணக்கிட்டார்களா என்பதை, சிலரிடமாவது நேரில் கேட்டபின் எழுதலாம். தமிழக இளைஞர்களின் மனநிலை என்ற தலைப்பை இந்தத் தரவு தாங்காது. சதவீதம் போட்டு மகிழ்ச்சி, சோர்வு, கோபம் என்று வட்டம் வரைவதை நான் தேர்வாளராக இருந்தால் ஏற்கமாட்டேன். இதில் கருத்து வேறுபாடு உண்டு; தனிப் பின்னூட்டத்தில் தவறினாலும், ஒரே கருவியை ஒரே சேனலில் தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்ற இறக்கத்தையாவது நம்பலாம் என்று கருதும் நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பேச்சின் வழக்கம் மாறாதவரை அது பொருந்தும் என்பது என் எண்ணம். சில ஆண்டுக் காலத்தில் வழக்கம் மாறாமல் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தகவலைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. சட்டம் விடுவதனால் அறம் விட்டுவிடுவதில்லை. 2006-இல் ஏஓஎல் நிறுவனம் பெயர்களை நீக்கி எண்களிட்டு ஆய்வுக்காக வெளியிட்ட சுமார் இரண்டு கோடித் தேடல்களிலிருந்து, சில நாள்களிலேயே செய்தியாளர்கள் ஒரு மூதாட்டியை அடையாளம் கண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். பின்னூட்டத்தை அப்படியே மேற்கோள் காட்டினால், அந்த வரியைத் தேடி யார் வேண்டுமானாலும் எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியும். "நாலாவது தடவையும் போச்சு, வீட்ல சொல்லல" என்று எழுதிய ஒருவரின் வீட்டார் உங்கள் ஆய்வேடு வழியாக அதை அறிய நேரக் கூடாது. பொருள் மாறாமல் சொற்களை மாற்றி எழுதுங்கள்; மூலக் கோப்பைக் கணக்குப் பெயர்கள் இல்லாத வடிவில் வையுங்கள். நான் மேலே காட்டியவையும் அப்படி மாற்றி எழுதியவையே.

இப்போதைக்கு மென்பொருளை மூடி வைத்துவிட்டு, திரட்டிலிருந்து குலுக்கல் முறையில் ஐந்நூறு பின்னூட்டங்களை எடுத்து, காணொளியோடு சேர்த்து நீங்களே படியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இவர் இங்கே என்ன செய்கிறார் என்று ஒரு சொல் எழுதுங்கள். பிறகு சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களோடு வந்து படிப்பவர்கள் அமரும் பகுதிக்கு, வேறு ஊரானால் மாவட்ட மைய நூலகத்துக்குச் செல்லுங்கள். இடைவேளையில் வெளியே தேநீர் குடிக்க வருபவர்களிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, அவர்களுடைய கைபேசியில் நேற்றுப் பார்த்த வகுப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதன் கீழே எழுதினீர்களா, எழுதியதை அழித்ததுண்டா, "உள்ளேன் ஐயா" என்று எழுதும்போது யார் பார்க்கவேண்டும் என்று எழுதினீர்கள் என்று கேளுங்கள். ஒரு வரிகூட எழுதியதில்லை என்று சொல்பவரிடம் இன்னும் சற்று அதிக நேரம் உட்காருங்கள்.